பரதம் தெரிந்தால் சிகிச்சையாளர் ஆகலாமா?

கேள்வி: நான் உளவியல் இளங்கலை இறுதியாண்டு மாணவி. சிறுவயது முதல் பரதம் கற்று வருகிறேன். உடல் பருத்துவிடும் என்று அஞ்சி விடுதி அறைத்தோழி உணவைத் தவிர்ப்பதைப் பார்த்த பிறகு, உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்கு நடன அசைவுச் சிகிச்சை அளிப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். என்ன படிக்க வேண்டும்? மலையில் இருந்தபடியே செய்ய முடியுமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பரதம் உங்களுக்குத் துணை நிற்கும், ஆனால் அதுவே தகுதியாகிவிடாது. 1942-இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நடன அசைவுச் சிகிச்சைப் பணியைத் தொடங்கிய நடனக் கலைஞர் மரியன் சேஸ், நோயாளிகளுக்கு அடவு (நடனத்தின் அடிப்படை அசைவு) எதையும் கற்பிக்கவில்லை. அவர்களை வட்டமாகக் கூட்டி, ஒவ்வொருவரின் அசைவையும் தம் உடலில் வாங்கி, அதற்கு அசைவாலேயே மறுமொழி தந்தார். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் ஊரார் வட்டமாக ஆடுவதைக் கண்டிருக்கும் உங்களுக்கு, வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை இல்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

எடை கூடிவிடும் என்று அஞ்சி உணவைத் தவிர்க்கும் அனோரெக்சியா என்ற உண்ணுதல் கோளாறு உள்ளவர் தம் உடலை எப்போதும் வெளியிலிருந்தே, கண்ணாடியாலும் எடைக் கருவியாலும், அளந்துகொண்டிருக்கிறார். பசி, நிறைவு, களைப்பு என்று உள்ளிருந்து வரும் செய்திகளை அவரால் இனம்காண முடிவதில்லை, அல்லது நம்ப முடிவதில்லை. மனநல மருத்துவர் ஹில்டே புரூக் 1962-லேயே இதை எழுதினார். ஆகவே கண்ணாடி இல்லாத அறையில், மூச்சு எங்கே போகிறது, பாதம் தரையில் எப்படிப் பதிகிறது என்று கவனிப்பதிலிருந்து சிகிச்சை தொடங்குகிறது. நடன வகுப்பில் அரைமண்டி (முழங்காலை மடித்து நிற்கும் நிலை) சரியாக இருக்கிறதா என்று ஆசிரியரின் கண் திருத்திக்கொண்டே இருக்கும். இங்கே திருத்தவே கூடாது. பாலே கலைஞர்களிடையே உண்ணுதல் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் மறவாதீர்கள். பல்லாண்டு பழகிய அந்தத் திருத்தும் பார்வையை ஒதுக்கிவைப்பதுதான், என் கருத்தில், உங்களைப் போன்றவர்களுக்கு மிகக் கடினமான பாடம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நோயாளிகளில் சிலர் உடற்பயிற்சியையே எடை குறைக்கும் வழியாக்கிக்கொள்வதால், அசைவும் அவர்களுக்கு ஆபத்தாகலாம். எடை மிகக் குறைந்து, இதயத்துடிப்பு மந்தமாகி, ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்த நிலையில் முதலில் வேண்டியது மருத்துவமனை. மனநல மருத்துவர், உளவியலாளர், உணவியல் நிபுணர் ஆகியோருடன் சேர்ந்தே இச்சிகிச்சையாளர் இயங்க வேண்டும். தனித்து இயங்குபவரிடம் பயிற்சிக்குச் சேராதீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, முதலில் உளவியலில் முதுகலை முடியுங்கள். அசைவுச் சிகிச்சைப் பயிற்சி அதன்மேல் அமையட்டும். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் கொல்கத்தா சன்வேத் அமைப்புடன் இணைந்து பட்டயப் படிப்பு நடத்தியிருக்கிறது; சேர்க்கை விவரத்தை அங்கேயே கேளுங்கள். நடன அசைவுச் சிகிச்சையாளரை 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டமும் தன் அட்டவணையில் குறிப்பிடுகிறது.

நீலகிரியில் இந்த நோய்க்கு மட்டும் என்று முழுநேரப் பிழைப்பு அமைவது கடினம். கோவை, சென்னை அல்லது பெங்களூரில் மூத்தவரின் மேற்பார்வையில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் திரும்பினால், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி உறைவிடப் பள்ளிகளில் ஆலோசகராக இருந்துகொண்டே, தேவைப்படுவோரைக் கோவை மருத்துவர்களிடம் அனுப்பும் பணியையும் செய்யலாம்.

உங்கள் தோழியின் நிலை இதற்கெல்லாம் காத்திருக்காது. அவருக்கு மயக்கம் வருகிறதென்றாலோ மாதவிடாய் நின்றிருந்தாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் தயங்கினால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைத்து, தமிழிலேயே நீங்கள் முதலில் பேசுங்கள், கட்டணமில்லை.