11 நிமிட மாரியோ ஏமாற்று வேலையா?

கேள்வி: சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ஐ 11 நிமிடத்தில் முடிக்கும் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து அசந்துபோனேன். அது 'டி.ஏ.எஸ்.' (tool-assisted speedrun, கருவிகளின் துணையோடு ஆட்டத்தை மிக வேகமாக முடித்துக் காட்டுவது) என்று நண்பர் சொன்னதும் சப்பென்று ஆகிவிட்டது. கையால் ஆடாததை எதற்குப் பாராட்ட வேண்டும்?

பதில்: எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஜப்பானியர் ஒருவர் செய்த அந்த வீடியோ 2003-இல் இணையத்தில் பரவியபோது, மனிதர் ஆடியது என்றே நம்பினேன். உண்மை தெரிந்ததும் கோபம். நானே ஒன்றைச் செய்ய உட்கார்ந்த பிறகுதான் கோபம் போனது.

விளையாட்டைக் கணினியில் எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில் ஓட்டுவோம். பழைய நின்டெண்டோ நொடிக்குச் சுமார் 60 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) காட்டும். எமுலேட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, இப்போது எந்த பட்டன் என்று முடிவு செய்யலாம். தப்பாகப் போனால், முன்பே சேமித்து வைத்த இடமான சேவ் ஸ்டேட்டுக்குத் திரும்பி மறுபடி ஆடலாம். கடைசியில் மிஞ்சுவது எந்த ஃபிரேமில் எந்த பட்டன் என்ற பட்டியல்தான். விளையாட்டின் நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. அதனால்தான் அந்தப் பட்டியலை அசல் கன்சோலுக்குக் கன்ட்ரோலர் வழியாக அனுப்பினாலும் பல ஆட்டங்கள் அப்படியே ஓடுகின்றன. 2014-இல் ஒரு நேரடி நிகழ்ச்சியில், வெறும் பட்டன் அழுத்தங்களை இப்படி அனுப்பியே சூப்பர் மாரியோ வேர்ல்டுக்குள் பாங் என்ற பழைய பந்து விளையாட்டு, பாம்பு விளையாட்டு இரண்டையும் வரவழைத்துக் காட்டினார்கள்!

முதல் மாரியோவின் முதல் கட்டத்தை நான் மூன்று மாலை செதுக்கி 8 ஃபிரேம் மிச்சம் பிடித்தேன். மொத்த நேரம் துளியும் குறையவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகும் கதவை அந்த விளையாட்டு 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் திறக்கும். நான் 8 ஃபிரேம் முன்னால் போய் வாசலில் காத்து நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். எத்தனையோ வருடம் ஆடிய விளையாட்டு எப்படி யோசிக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்த மூன்று மாலையும் வீண் என்று நான் நினைக்கவே இல்லை.

கையால் ஆடுபவர் தன் திறமையின் எல்லையைத் தேடுகிறார். டி.ஏ.எஸ். செய்பவர் விளையாட்டின் எல்லையைத் தேடுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. டி.ஏ.எஸ்.-ஐக் கையால் ஆடியதாகச் சொல்லி வெளியிட்டால் அது ஏமாற்றுதான். அதில் எனக்குச் சமரசமே இல்லை.

கேள்வி: நானும் முயன்று பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. மனப்பாடமாகத் தெரிந்த விளையாட்டில் ஒரே ஒரு கட்டத்தை எடுங்கள். எமுலேட்டரின் பெயரையும் பதிப்பையும் முதலிலேயே குறித்து வையுங்கள். வேறு பதிப்பில் ஓட்டும்போது ஒரு ஃபிரேம் பிசகினால் போதும், சரியாகத் தாண்டிய குழியிலேயே மாரியோ விழுந்துவிடுவான்.