எல்லாவற்றுக்கும் பூட்டு வேண்டாம்

கேள்வி: குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிரையர் பராமரிப்பு, பிளெண்ட் விகிதம், ஏல விலை என எல்லாவற்றையும் கட்டுரைகளாக எழுதி அலுவலகத் தளத்தில் வைத்திருக்கிறோம். தற்காலிக வேலைக்கு வந்த ஒருவர், அடுத்த ஏலத்துக்கு நாங்கள் குறித்திருந்த ரிசர்வ் விலையைப் பார்த்துவிட்டார். மேனேஜர் மொத்தத்தையும் பூட்டச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? - வாசகி, குன்னூர்

பதில்: மேனேஜரின் பதற்றம் நியாயம்தான். வாராவாரம் ஏலம் நடக்கும் ஊர் உங்களுடையது. இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று நீங்கள் முடிவு செய்த விலை வாங்குபவர் காதுக்குப் போய்விட்டால், அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன அவசியம்? முதல் வேலையாக அந்த விலையை மாற்றிவிடுங்கள்.

ஆனால் மொத்தமாகப் பூட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு ஷிப்டில் டிரையரில் புகை வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு, அங்கே நிற்பவருக்கு உடனே திறக்க வேண்டும். திறக்காது என்று தெரிந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைப்பார்கள். அப்புறம் எது யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

கட்டுரைகளைப் பிரியுங்கள். பிளெண்ட் கட்டுரையில் கலக்கும் முறையும் ஈரப்பதம் பார்க்கும் விதமும் ஆலையில் எல்லோருக்கும் வேண்டும். எந்த கிரேடு எத்தனை சதவீதம் என்ற நாலு வரிதான் ரகசியம். அதை மட்டும் தனிக் கட்டுரையாக்கிப் பூட்டுங்கள். ஊழியர்களின் சம்பளம், வங்கிக் கணக்கு விவரங்கள் அந்தத் தளத்திலேயே வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் இவை கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

அனுமதியை ஆள் பெயரில் கொடுக்காமல், ‘ஏலப் பிரிவு’, ‘தரப் பிரிவு’ என்று குழுவுக்குக் கொடுங்கள். வேலை மாறியவரைக் குழுவிலிருந்து எடுத்தால் போதும். உங்கள் தளம் சர்வீஸ்நவ் மாதிரி அலுவலக மென்பொருளில் இருக்கிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவர் ‘படிக்கலாம்’, ‘படிக்கக் கூடாது’ இரண்டு பட்டியலிலும் இருந்தால், ‘கூடாது’ என்பதுதான் செல்லும்.

பூட்டிய பிறகு சாதாரண ஊழியரின் லாகினில் நுழைந்து ‘ரிசர்வ்’ என்று தேடிப் பாருங்கள். கட்டுரை திறக்காது, ஆனால் தலைப்போ முதல் இரண்டு வரியோ தேடல் முடிவில் தெரியக்கூடும். இணைத்திருக்கும் எக்செல் கோப்பு, லிங்க் வைத்திருக்கும் எவருக்கும் திறக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான்.

அந்தத் தற்காலிக ஊழியரைத் திட்ட வேண்டாம், திறந்து கிடந்ததைத்தான் அவர் பார்த்தார். எந்தப் பக்கம் வழியாக அங்கே போனார் என்று பொறுமையாகக் கேளுங்கள், முதலில் அடைக்க வேண்டிய வழி அதுதான்.