கெட்ட செய்தி வந்து பங்கு விலை விழும்போது வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்த மாதிரி கெட்ட செய்தி என்று பார்த்துத்தான். நான் ஒரு தடவை வாங்கிப் பிழைத்தேன், ஒரு தடவை மொத்தமாகத் தொலைத்தேன்.

2015 ஜூன். மேகியில் ஈயம் அதிகம் என்று தமிழக அரசு மூன்று மாதத் தடை போட்டது. மறுநாளே நாடு முழுக்கத் தடை. மேகி தயாரிக்கும் நெஸ்லே இந்தியாவின் பங்கு 7,000 ரூபாயை ஒட்டி இருந்தது, 6,000 பக்கம் வந்துவிட்டது. ஐந்து பங்கு வாங்கினேன். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் பார்த்ததுதான் காரணம். "பிள்ளைங்க தினமும் வந்து கேக்குதுங்க. வேற நூடுல்ஸ் எடுத்துக் குடுத்தா வேண்டாங்குதுங்க" என்று மேகி இருந்த அலமாரித் தட்டு காலியாகக் கிடப்பதைக் காட்டினார். கம்பெனிக்குப் பெரிய கடனும் கிடையாது. நெஸ்கஃபேயும் செரிலாக்கும் வழக்கம்போல விற்றுக்கொண்டிருந்தன.

வாங்கியதும் ஏறிவிட்டதா? இல்லை. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நவம்பரில் தீபாவளிக்கு மேகி கடைக்குத் திரும்பியது. அதற்கப்புறமும் 2016 தொடக்கத்தில் பங்கு 5,000 பக்கம் இறங்கியது! பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தேன். 2017-ல் 7,000 தாண்டியதும் விற்றேன். 2019 முடிவதற்குள் அது இரண்டு மடங்கானது, அந்தக் கதையைக் கேட்காதீர்கள்.

அடுத்தது ஒரு வீட்டுக்கடன் கம்பெனி. பெயர் வேண்டாம். கணக்கில் ஏதோ குளறுபடி என்று செய்தி வந்து விலை பாதியானது. மேகி நினைப்பில் வாங்கினேன். இறங்க இறங்க 'ஆவரேஜ்' பண்ணினேன், அதாவது சராசரி விலையைக் குறைக்க மேலும் மேலும் வாங்கினேன். ஆடிட்டர் விலகினார், அப்போதும் விற்கவில்லை. பிறகு விற்க நினைத்தாலும் முடியவில்லை. காலை 9:15-க்குச் சந்தை திறந்ததும் ஆப்பைப் பார்த்தால் லோயர் சர்க்யூட் (அன்றைக்கு அதற்குமேல் விலை இறங்க முடியாத எல்லை), வாங்குபவர் பக்கம் பூஜ்யம். திவால் நடவடிக்கை முடிந்தபோது கடன் கொடுத்தவர்களுக்கே முழுசாகக் கிடைக்கவில்லை. பங்குக்காரனுக்கு எங்கிருந்து வரும்?

சரக்கில் கோளாறு என்றால் சரக்கை மாற்றலாம். கணக்குப் புத்தகமே பொய் என்றால், விலை மலிவா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இப்போதெல்லாம் செய்தியில் ஆடிட்டர் விலகல், புரமோட்டர் (கம்பெனியின் முதலாளி) அடமானம் வைத்த பங்கு என்று கண்ணில் பட்டால் பக்கத்திலேயே போவதில்லை. மற்றபடி, அன்றைக்கே பாய்வதில்லை. கம்பெனியின் அடுத்த காலாண்டுக் கணக்கு வந்த பிறகு, மூன்று தவணையாக வாங்குகிறேன்.