கவனக்குறைவு என்று எழுதி முடிக்கலாமா?

கேள்வி: ஐயா, தடா அருகே வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இயந்திரம் பழுதாகி உற்பத்தி நின்றால் மறுநாளே கூட்டம் போட்டு, ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று காரணம் எழுதி, மெமோ கொடுத்துவிடுகிறோம். ஆனாலும் அதே பழுது திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே தவறுகிறோம்?
– வாசகர், சூலூர்ப்பேட்டை

பதில்: உங்கள் ஊரை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 ஆகஸ்ட் 7 அன்று முதன்முறையாக ஏவப்பட்ட எஸ்.எஸ்.எல்.வி. என்ற, சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் ராக்கெட்டின் தோல்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் ஒருசேர அளவின் உச்சத்தைத் தொட்டன. அவை பழுதாகிவிட்டன என்று கணினி முடிவுகட்டி மாற்று வழிக்குப் போனது. அதனால், 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதையில் நிற்க வேண்டிய இரு செயற்கைக்கோள்களும், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டு நிலைக்காமல் போயின. சென்சார்கள் உண்மையில் பழுதாகவில்லை. கணினியும் தனக்கு எழுதிக் கொடுத்தபடியேதான் நடந்தது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று முன்கூட்டியே போட்ட கணக்குதான் பொய்த்தது. ஆகவே நிலையைப் பிரிக்கும் அமைப்பையும், பழுதைக் கண்டறியும் கணினித் தர்க்கத்தையும் சேர்த்தே மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த ராக்கெட் தன் பணியைச் சரியாக முடித்தது. மென்பொருள் எழுதியவரின் கவனக்குறைவு என்று கோப்பை மூடியிருந்தால், பிரிக்கும் அமைப்பின் பக்கம் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் தொழிற்சாலைக்கு வருவோம். இரவு ஷிஃப்டில் யாரோ ஒரு துண்டு வயரைச் செருகி, சென்சாரை பைபாஸ் செய்து பிரஸ்ஸை ஓட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அறிக்கையின் முதல் வரியாக எழுதலாம். அதோடு நிறுத்தக் கூடாது. கூலன்ட் என்கிற குளிர்விக்கும் திரவம் தெறித்துத் தெறித்து அந்த சென்சார் காரணமில்லாமல் இயந்திரத்தை நிறுத்துவதும், அதை ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் எழுதியும் யாரும் பார்க்காததும், ஸ்டோரில் மாற்று சென்சார் இல்லாததும், விடிவதற்குள் எண்ணிக்கையை முடிக்க வேண்டியிருந்ததும் விசாரித்தால்தான் வெளிவரும். அப்போதுதான் சென்சாருக்கு மேல் ஒரு தகட்டு மறைப்பு போட வேண்டும், ஸ்டோரில் இரண்டு சென்சாராவது இருக்க வேண்டும் என்று தோன்றும்.

உங்களைப் போன்ற தமிழக–ஆந்திர எல்லைப்புறத் தொழிற்சாலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசுகிறவர்கள் ஒரே ஷிஃப்டில் வேலை செய்ய, ரெஜிஸ்டரை மட்டும் ஆங்கிலத்தில் நிரப்பச் சொன்னால், பலர் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறப் போய்விடுவார்கள். அவரவர் மொழியில் எழுத விடுங்கள். எழுதத் தயங்குகிறவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெமோ கொடுக்காவிட்டால் பயம் விட்டுப்போகாதா?
– வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: விட்டுப்போகட்டும். பயந்தவர் முதலில் செய்கிற காரியம், அந்தத் துண்டு வயரைப் பிடுங்கிக் குப்பையில் போடுவதுதான். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றது எல்லோரும் கேட்டுச் சலித்த கதை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஏவும் முன் கணினி நிறுத்தச் சொன்னதையும், கசிவு இருந்தாலும் எரிபொருள் போதும் என்ற நிபுணர்களின் கணிப்பை ஏற்று அதை மீறி ஏவியதையும் திட்ட இயக்குநர் அப்துல் கலாமே பின்னாளில் மேடைகளில் சொன்னார். அந்த முடிவை எடுத்தவரை அதே பொறுப்பில் வைத்துக்கொண்டுதான் 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் ஏற்றினார்கள். ஆனால் அளக்காமலே அளவை எழுதுகிறவருக்கும், ரெஜிஸ்டரைத் திருத்துகிறவருக்கும் தாராளமாக மெமோ கொடுங்கள்.

கேள்வி: சின்னப் பழுதுகளுக்கும் இவ்வளவு விசாரணை தேவையா?
– வாசகர், நாயுடுபேட்டை

பதில்: ஃபியூஸ் போனதற்கெல்லாம் தேவையில்லை. ஆனால் செயின் அறுந்து, ஆள் நிற்கிற பக்கம் விழாமல் மறுபக்கம் விழுந்திருந்தால், ஒருவருக்கும் காயமில்லை என்று விட்டுவிடாமல் அதை முதலில் விசாரியுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருவர் பெயரையும் ஒரு தேதியையும் எழுதி, அந்தத் தேதியில் கூட்ட அறைக்குப் போகாமல் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று சரிபாருங்கள்.