ரெண்டு இன்ச் தண்ணின்னா எந்த ரெண்டு இன்ச்?

ஒரத்தநாடு பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் வெளிநாட்டுல, மூணு மா நெலத்த (கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்) இவங்கதான் பாத்துக்கறாங்க. புதுசா போர் போட்டாச்சு, போர்காரர் "ரெண்டு இன்ச் தண்ணி இருக்கும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வேளாண்மை ஆபீஸ்ல வயல்ல ரெண்டு இன்ச் தண்ணி நின்னா போதும்ங்கறாங்க. பைப் கடையில ரெண்டு இன்ச் கேட்டா 63ன்னு போட்ட பைப்ப எடுத்துக் காட்டி, மூணு இன்ச்சா எடுத்துக்கிட்டா தண்ணி கூட வரும்னு வேற சொல்றாங்களாம். "அண்ணே, எல்லாமே ரெண்டு இன்ச்தான, நான் எந்த பைப்ப வாங்குறது?"ன்னு கேள்வி.

தங்கச்சி, இன்ச்ங்கறது ஒன்னுதான், 25.4 மில்லிமீட்டர். 1959ல ஆறு நாடுங்க சேந்து பேசி முடிச்ச கணக்கு, அதுல மாத்தம் கெடையாது. ஆனா எத அளந்தாங்கங்கறதுதான் மூணு எடத்துலயும் வேற வேற. உங்களுக்கு மூணு பேரு சொன்னதும் மூணு தனித்தனி சமாச்சாரம், அத ஒன்னோட ஒன்னு போட்டு கொழப்பிக்கிட்டா காசுதான் வீணாப்போவும்.

மொதல்ல போர்காரர் சொன்ன இன்ச். கம்ப்ரசர் வச்சு தண்ணிய வெளிய தள்ளும்போது, மண்ணுல ஒரு சின்ன வாய்க்கா வெட்டி அது குறுக்க ஒரு தகடு நட்டிருப்பாங்க பாருங்க, நடுவுல வி எழுத்து மாதிரி வெட்டுன தகடு. அந்த வெட்டோட கீழ் முனையிலேர்ந்து தண்ணி எவ்வளவு ஒசரம் ஏறி நிக்குதோ அதுதான் அவர் சொன்ன இன்ச். பைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுல பெரிய விஷயம் என்னன்னா ஒசரம் ஏற ஏற வெட்டும் அகலமாயிட்டே போவுது, அதனால ஒரு இன்ச் ரெண்டு இன்ச்சானா தண்ணி ரெண்டு மடங்கு இல்ல, அஞ்சரை மடங்குக்கு மேல. சரியா 90 டிகிரில வெட்டுன தகடா இருந்தா ஒரு இன்ச்சுக்கு நிமிஷத்துக்கு 8, 9 லிட்டர்தான் வரும், ஒன்ர இன்ச்சுக்கு 23, ரெண்டு இன்ச்சுக்கு 48, ரெண்டர இன்ச்சுக்கு 84, மூணு இன்ச்சுக்கு 130 சொச்சம். ஒன்ரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது அர இன்ச்தான், தண்ணி ரெண்டு மடங்கு! அதனால "ரெண்டு இன்ச் இருக்கும்"னு வாய்ல சொன்னத வச்சு மோட்டார் வாங்கவே கூடாது. தகடு கோணம் குறுகலா இருந்தாலும் கணக்கு தப்பும், வெட்டு வாயிலயே ஸ்கேல வச்சு அளந்தாலும் தப்பும், ஏன்னா அந்த எடத்துல தண்ணி கொஞ்சம் எறங்கித்தான் வழியும், தகட்டுக்கு பின்னாடி, தண்ணி வர்ற பக்கத்துல, அலம்பாம நிக்கற எடத்துலதான் அளக்கணும். அதுவும் கம்ப்ரசர் போட்ட ஒடனே இல்ல, போருக்குள்ள தேங்கி நின்னது எல்லாம் வெளிய வந்து, ஒரு மணி நேரமாவது ஓடுன பொறவு.

அடுத்தது வயல்ல நிக்கற இன்ச். இது வெறும் ஆழம். நம்ம பக்கத்து மா 100 குழி, குழிக்கு 144 சதுர அடி, ஆக 14,400 சதுர அடி. அதுல ஒரு இன்ச் தண்ணி நிக்கணும்னா 34,000 லிட்டர் வேணும். (25 மில்லி மழைன்னு ரேடியோவுல சொன்னா அதுவும் இதே கணக்குதான், மாவுக்கு கிட்டத்தட்ட 34,000 லிட்டர் வானமே ஊத்திட்டுப் போயிருக்கு.) உங்க மூணு மாவுக்கு ரெண்டு இன்ச் நிறுத்தணும்னா ரெண்டு லட்சத்து நாலாயிரம் லிட்டர். உங்க போர் நெசமாவே ரெண்டு இன்ச்சுன்னா மணிக்கு 2,900 லிட்டர் தரும், அப்படின்னா ராப்பகலா ஓடுனாலும் 70 மணி நேரம், மூணு நாளு. இதுல மண்ணு குடிக்கறதும் வெயில் குடிக்கறதும் சேக்கவே இல்ல. ரெண்டு இன்ச் போர் ரெண்டு இன்ச் வயல நெரப்பிடும்னு நெனச்சு இத மட்டும் நம்பி குறுவை வைக்காதீங்க, மனசு கேக்காமதான் சொல்றேன். ஏக்கருக்கு 8 சென்ட் நாத்தங்கால்னா ரெண்டு இன்ச் கட்ட ஆறு மணி நேரம் போதும், அதுக்கு இந்த போர் தாராளம், உளுந்துக்கு ஒரு தண்ணி குடுக்கவும் ஆவும். அதோட எப்பவும் ரெண்டு இன்ச் நிக்கணும்னும் இல்ல, வயல்ல ஓட்ட போட்ட குழாய பொதச்சு வச்சு, அதுக்குள்ள பாத்து, தண்ணி மண்ணுக்கு கீழ 15 சென்டிமீட்டர் எறங்குன பொறவு மறுபடி 5 சென்டிமீட்டர் கட்டுனா போதும், பூக்கற சமயத்துல மட்டும் காய விடக்கூடாது.

இப்ப பைப். கடையில ரெண்டு இன்ச்சுன்னு சொல்றது ஒரு பேருதான், டேப்ப வச்சு அளந்தா எங்கயுமே 50.8 வராது. விவசாய பிவிசி பைப்ல 63ங்கறது வெளி வட்டத்தோட குறுக்களவு மில்லிமீட்டர்ல, அதத்தான் ரெண்டு இன்ச்ங்கறாங்க, 75 ரெண்டர, 90 மூணு, 110 நாலு. ஆனா ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்லயும் வீட்டு பிளம்பிங் யுபிவிசிலயும் ரெண்டு இன்ச்சோட வெளி அளவு 60.3. ரெண்டும் ரெண்டு இன்ச்தான், ஒன்னுக்குள்ள ஒன்னு ஒக்காராது. எங்க அப்பா வயல்ல ஒருவாட்டி இது தெரியாம வீட்டு வேலைக்கு வாங்குன கப்ளிங்க எடுத்துட்டுப் போயி, சேரலன்னதும் வைக்கோல கொளுத்தி பைப் முனைய வாட்டி, எளக்கி, அழுத்தி சொருகிட்டோம், பாக்க கச்சிதமா இருந்துச்சு. ராத்திரி மோட்டார் போட்டதும் ஜாயிண்ட் பிச்சிக்கிட்டு விடிய விடிய தண்ணி பூரா வரப்ப அரிச்சிக்கிட்டு பக்கத்து வயல்ல. அதனால கடையில இன்ச் சொல்லாதீங்க, "63 எம்எம், ஆறு கிலோ"ன்னு மில்லிமீட்டரும் கிலோவும் (எடை இல்ல, பைப் தாங்கற அழுத்தம்) சொல்லி, பிட்டிங்கையும் அங்கயே பைப்ல சொருகிப் பாத்து வாங்குங்க.

மூணு இன்ச் போட்டா தண்ணி கூடுமான்னா, உங்களுக்கு கூடாது. பெரிய பைப்ல ஒராய்வு கொறையும், அது உண்மை, 63க்கு பதிலா 75 போட்டாலே அதே தண்ணிக்கு ஒராய்வு பாதிக்கும் கீழ போயிடும். ஆனா நிமிஷத்துக்கு 48 லிட்டர் 63 பைப்ல சும்மா போவும், போர்ல ஊறாத தண்ணிய பைப் எங்கேர்ந்து கொண்டாரும்? வயலு ரொம்ப தூரமா இருந்தா மட்டும் 75 யோசிங்க, 90 வேணாம். மோட்டாரும் ஊறறத விட கம்மியா இழுக்கறதா இருக்கணும், இல்லன்னா காத்த இழுத்து மோட்டாருக்குள்ள இருக்கற கம்பிச்சுருள் (காயில்) எரிஞ்சிடும்.

எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்டிங் மோட்டார வாடகைக்கு எறக்கி ஒரு மணி நேரம் ஓட விட்டு, 200 லிட்டர் டிரம்ம கீழ வச்சு போன்ல நேரம் பாருங்க. நாலு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சுன்னா போர்காரர் சொன்ன ரெண்டு இன்ச் சரி, எட்டு ஒம்பது நிமிஷம் ஆச்சுன்னா அது ஒன்ர இன்ச்தான். அந்த நிமிஷத்தையும் தண்ணி எத்தன அடியில நிக்குதுங்கறதையும் எழுதி அனுப்புங்க, மோட்டார் எத்தன எச்பி வேணும்னு பாத்து சொல்றேன்.