ஆரியங்காவு காற்றும் பார்லர் தலையும்

செங்கோட்டையில் 22 வருடம் பார்லர் நடத்திவிட்டு இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, வாசகிகளின் தலைமுடிக் கவலைகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, நான் ஆரியங்காவிலிருந்து தினமும் பஸ்ஸில் புனலூர் போய் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பார்லரில் பிரஷ்ஷால் இழுத்து டிரையரில் உலர்த்தி ப்ளோ டிரை செய்தால் அன்றைக்கு மட்டும் ஜம்மென்று இருக்கிறது. மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், வீடு சேரும்போது பழைய தலைதான். ஆவணியில் அண்ணன் கல்யாணம், நாலு நாள் விசேஷம். நாலு நாளும் பார்லருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. கம்மி விலையில் என்னென்ன வாங்கினால் வீட்டிலேயே அந்த மாதிரி வரும்? கடையில் மாஸ்க், சீரம், மூஸ், ஸ்ப்ரே என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது.
பெயர் வேண்டாம், ஆரியங்காவு

பதில்: பெயரை மறைத்துவிட்டு ஊரையும் வேலையையும் எழுதிவிட்டாய், தங்கச்சி. போகட்டும், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

என் பார்லரில் கண்ணாடிக்கு முன்னால் முப்பது பாட்டில் நிற்கும். நான் தினமும் கை வைத்தது அதில் நாலே நாலு. மற்றதெல்லாம் ஏஜென்ட், "சும்மா அடுக்கி வைங்கக்கா, பாக்க ஒரு இதுவா இருக்கும்" என்று இறக்கிவிட்டுப் போனவை. சிலவற்றைத் தேதி முடிந்து நானே சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். அதனால் கடை வரிசையைப் பார்த்து மலைக்காதே.

முதலில் உன் தலை ஏன் பஸ்ஸிலேயே கலைகிறது என்று பார். முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைக் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள், தண்ணீர் பட்டால் அவிழ்ந்துவிடும். காயும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே திரும்பக் கட்டிக்கொள்ளும். ஈரத்தலையோடு படுத்தால் காலையில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். ப்ளோ டிரையும் இதே வித்தைதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஈரம் இருக்கிறது. சாரல் மாதங்களில் அது போதும், கட்டினதை அவிழ்த்துவிடும். ஆகவே நீ வாங்க வேண்டியது ஈரத்தை உள்ளே விடாத ஒரு பொருள். அதைவிட முக்கியம், முடியைச் சரியாகக் காயவைத்து ஆறவைக்கிற கை.

கையைப் பற்றி முதலில் சொல்கிறேன். குளித்ததும் டர்க்கி டவலால் தேய்க்காதே, துண்டைச் சுழற்றிப் படார் படாரென்று முடியைத் தட்டவும் வேண்டாம். உங்கள் ஊர்த் தோர்த்து இருக்கிறதே, அதைவிட நல்ல துண்டு எந்த பார்லரிலும் கிடையாது. மெலிசாக இருக்கும், தண்ணீரைக் குடிக்கும், முடியைப் பிடித்து இழுக்காது. அதில் சுற்றி அமுக்கி எடு. முக்கால்வாசி தானாகக் காயட்டும். பிறகு சீரம் ரெண்டே சொட்டு, உள்ளங்கையில் தேய்த்துக் காதுக்குக் கீழே மட்டும் தடவு. உச்சியில் தடவினால் எண்ணெய் வழிகிற தலை மாதிரி ஆகிவிடும்.

முடியை நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடு. பிரிக்காமல் மேலோட்டமாக அடிப்பதுதான் வீட்டில் எல்லோரும் செய்கிற தப்பு. ஒவ்வொரு பாகத்தையும் உருண்டைப் பிரஷ்ஷில் இழுத்துப் பிடித்து, டிரையரை வேரிலிருந்து நுனி நோக்கிக் காட்டு. முக்கால் சாண் தூரம் இருக்கட்டும், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இரு. 2011இல் கொரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே உலர்த்தியபோது, டிரையரைக் கிட்டே வைத்ததைவிட முடி மேல்பரப்பு நன்றாக இருந்தது. வெகுநேரம் ஈரத்தோடு விடுவதும் முடிக்குள் ஒருவகைச் சேதம்தான் என்றும் கண்டார்கள். "டிரையரே கூடாது" என்று அலறுகிறவர்களுக்கு இதைச் சொல்.

அடுத்துதான் பார்லர்காரிகள் சொல்லித்தராத இடம். பாகம் காய்ந்து சுடச்சுட இருக்கும்போதே வெல்க்ரோ ரோலரில் சுருட்டி ஊசி குத்திவிடு. பத்து நிமிஷம் தொடாதே. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். சூட்டோடு அவிழ்த்துச் சீவினால் அத்தனை பாடும் போச்சு. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பத்து நிமிஷம் பொறுமைதான் வராது, போனைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன். ரோலர் ஒரு செட் வாங்கினால் பல வருஷத்துக்கு வரும். உன் பட்டியலில் முதலில் இதை எழுது.

இரண்டாவது சீரம். பாட்டிலைத் திருப்பிப் பின்னால் பொடி எழுத்தைப் படி. எது அதிகமோ அது முதலில் இருக்கும். சைக்ளோபென்டாசிலாக்ஸேன், டைமெத்திகோன் என்று முதல் ரெண்டு பெயர் இருந்தால் போதும், இரண்டும் சிலிகோன். முடி மேல் மெல்லிய உறை மாதிரி படிந்து ஈரத்தைத் தாமதப்படுத்தும். விலை குறைந்த சீரத்திலும், கண்ணாடிப் பாட்டிலில் வரும் வெளிநாட்டு சீரத்திலும் பெரும்பாலும் இதே ரெண்டுதான் முன்னால் நிற்கின்றன. மிச்ச விலை வாசனைக்கும் பாட்டிலுக்கும். ஆனால் கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் சாரல் காலத்தில் வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்து முடிக்குள் விட்டு உப்பவைக்கும்.

மூன்றாவது கண்டிஷனர். இதில் கஞ்சத்தனம் செய்யலாம். சீட்டைல் ஆல்கஹால் என்று போட்டிருந்தால் பயப்படாதே, அது முடியை உலர்த்துகிற ஆல்கஹால் இல்லை, வழுவழுப்புக்குச் சேர்ப்பது. மாஸ்க்கும் மூஸும் உனக்குத் தேவையில்லை. ஹேர் ஸ்ப்ரே ஒன்று, சின்னது, முகூர்த்தத்தன்று மட்டும். கூட வருகிறவர்கள் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

எதையும் பாட்டிலாக வாங்கும் முன் சாஷே வாங்கி மூன்று குளிப்புக்குப் பார். ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனது நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவோடு அதே வழியில் இறங்கினார். அந்த வசதியை நாம்தான் மறந்துவிட்டுப் பெரிய பாட்டில் ஆஃபரில் விழுகிறோம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலை ஒட்டிய பாட்டில் என்றால் கடைக்காரரிடம் கேள்.

நாலு நாளுக்கு முதல் நாளும் மூன்றாம் நாளும் மட்டும் தலைக்குக் குளி. ராத்திரி உச்சியில் தளர்வாகக் கொண்டை, தலையணை மேல் பழைய பட்டுத் தாவணி. மறுநாள் காலையில் முன்பக்கம் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, ரோலரில் சுற்றிச் சூடு காட்டி ஆறவிட்டால் ஆயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குச் சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் "பரட்டை" என்று கேலி செய்கிறார்களாம், தினமும் அழுகிறாள். வயது 14. பக்கத்தில் ஒரு இடத்தில் கெராட்டின் சிகிச்சை மலிவாகச் செய்துதருகிறார்கள், முடி நேராகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
ஒரு தாய், புளியரை

பதில்: வேண்டாம்மா. நான் செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

ஒரு வருஷம், பார்லருக்குப் பொருள் போடும் ஒருவர் லிட்டர் கணக்கில் ஒரு திரவம் கொண்டுவந்தார். மூடியில் "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று பச்சை ஸ்டிக்கர். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பூசி, உலரவிட்டு, ஏசி ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அயர்ன் வைத்தேன். வெள்ளைப் புகை எழும்பியது. ரெண்டாவது பாகத்துக்குள் அவருக்குக் கண்ணீர் கொட்டியது. நாலாவதில் எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு பேரும், அவருக்குப் பாதித் தலை பளபளவென்று, பாதித் தலை பசையாக, ரோட்டில் வந்து நின்றோம். எதிர் டீக்கடைக்காரர் சிரித்தார். நாங்கள் சிரிக்கிற நிலையில் இல்லை.

மலிவுத் திரவங்களில் பல சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு ஆவியை விடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. அது இல்லை என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அதைப் பூசியபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. 14 வயதுப் பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு? நாலு மாதத்தில் வேரிலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் சுருட்டையாகவே முளைத்துவிடும், அப்போது இரண்டும் கெட்டான் தலை.

உன் மகளுக்குப் பரட்டை இல்லை. சுருட்டையைச் சீப்பால் காயச் சீவினால் எந்தத் தலையும் பரட்டைதான். காய்ந்த தலையில் சீப்பே படக்கூடாது. குளிக்கும்போதே கண்டிஷனர் பூசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடு. ஜெல்லுக்குக் காசு வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் ஆளிவிதை கேள். ரெண்டு மேஜைக்கரண்டி விதையை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிண்டிக்கொண்டே கொதிக்கவிடு. பத்து நிமிஷத்துக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் விடும். உடனே இறக்கி, சூட்டோடு வடிகட்டு, ஆறினால் துணியில் இறங்காது. நான் முதல் தடவை ஆறவைத்து வடிகட்டப்போய், என் மாமியாரின் நல்ல வேட்டித்துணியை விதையோடு சேர்த்துத் தூக்கிப்போட்டேன். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரும். வாசனை மாறினால் கொட்டிவிடு.

ஈரம் சொட்டும் தலையிலேயே இதைக் கை நிறைய எடுத்து, முடியை உள்ளங்கையில் ஏந்திக் கசக்கி மேலே தள்ளு, மாவு பிசைகிற மாதிரி. காய்ந்ததும் முடி மொறமொறவென்று நிற்கும், பயப்படாதே. கையில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்துத் திரும்பக் கசக்கினால் மொறமொறப்பு போய்ச் சுருள் மட்டும் நிற்கும்.

கேள்வி: ஜெல் போட்டால் மதியத்துக்குள் பொடுகு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது. வேறு பிராண்ட் மாற்றவா?
கடையநல்லூர் இளைஞர்

பதில்: காலையில் எண்ணெய் வைத்துவிட்டு அதன் மேல் ஜெல் போடுகிறீர்களா தம்பி? ரெண்டும் ஒட்டாது. அரை ஈரத்தில், கடலை அளவு மட்டும் போடுங்கள், காய்ந்தபின் சீப்பு வேண்டாம். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் படியும். சோப்பு நுரைக்கிறதா பாருங்கள், நுரைக்காவிட்டால் கடைசிச் சொம்பு மட்டும் மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ. குற்றாலத்தில் குளித்த தலை ஏன் பட்டுமாதிரி இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மலைத் தண்ணீரில் உப்பு கம்மி.

கேள்வி: ஸ்ட்ரெய்ட்னரில் 230 டிகிரி வரை இருக்கிறது. எத்தனையில் வைப்பது?
கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: மெல்லிய முடிக்கு 150, அடர்த்தியான முடிக்கு 180. அதற்கு மேல் போகாதே. டிகிரி காட்டாத மலிவு மெஷினை வாங்காதே, மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இதுதான். முடி முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முடித்தண்டில் கொப்புளம் விடும். ஒரு கல்யாணப் பெண்ணின் நெற்றி முடியில் அவசரத்தில் அப்படி வைத்து, "ஸ்ஸ்" என்று சத்தம் கேட்டு, நுனி நூலாக என் கையோடு வந்தது. அன்றைக்கு நெற்றிச்சுட்டியை அகலமாகக் கட்டிச் சமாளித்தேன்.

கேள்வி: நான் சுரண்டைப் பெண், புனலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். மாமியார் ஷாம்புவையே தொடவிடுவதில்லை. காய்ச்சின எண்ணெயும், செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளியும்தானாம். எனக்கோ தலை பிசுபிசுவென்று இருக்கிறது, எந்த ஸ்டைலும் நிற்கவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது?
மருமகள், புனலூர்

பதில்: சொல்ல வேண்டாம், பாதி நியாயம் அவர் பக்கம். குளிக்கும் முன் தேங்காயெண்ணெய் வைத்தால் முடியிலிருந்து புரதம் போவது குறைகிறது என்று 2003இல் ஒரு ஆய்வு வந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லையாம். அந்த ஆய்வு தேங்காயெண்ணெய் விற்கிற மாரிகோ நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள், ஆனாலும் எங்கள் அனுபவத்துக்கு ஒத்துப்போகிறது.

பிசுபிசுப்புக்குக் காரணம் எண்ணெயின் அளவு. தாளி வழுவழுப்புத் தரும், ஆனால் அத்தனை எண்ணெயையும் அதால் எடுக்க முடியாது. எண்ணெயைப் பாதியாக்கு, அரை மணி நேரம் போதும். தாளியில் உங்கள் வீட்டுச் செறுபயர்ப் பொடி, அதாவது நம் பாசிப்பயறு மாவு, ஒரு கரண்டி சேர்த்துக்கொள். பத்து நாளுக்கு ஒரு தடவை ஷாம்பு என்று பேசி முடித்துக்கொள்ளலாம், "பார்லரக்கா சொன்னாங்க" என்று என் தலையில் போடு.

ஸ்டைலுக்கு அவரிடமே போய்க் குளிப்பின்னல் போட்டுவிடச் சொல். ரெண்டு காதுக்கு மேலிருந்தும் மெல்லிசாக ஒவ்வொரு கற்றை எடுத்து, பின்னால் ஒன்றோடொன்று தளர்வாகப் பின்னி, மிச்ச முடியை விரித்துவிடுவார்கள். ஈரத்தலை அப்படியே காய்ந்தால் மேல் பக்கம் படிந்து, கீழே தானாக ஒரு அலை விழும். சூடும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம். ஓணத்துக்குச் செட்டு முண்டு உடுத்தி என் பார்லருக்கு வருகிற பெண்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு நான் செய்துவிட்டது இதைத்தான், கூட ஒரு துளசிக்கதிர்.

அப்படியே உன் மாமியார் எண்ணெயில் சின்ன வெங்காயம் போடுகிறாரா, கய்யோன்னி (நம் கரிசலாங்கண்ணி) மட்டும்தானா என்று கேட்டு எனக்கு ஒரு கார்டு எழுது. எங்கள் வீட்டில் வெங்காயம் போட்டால் மூன்றே நாளில் காறிவிடுகிறது.