காசநோய்க்காக நீண்ட மருத்துவ விடுப்பு எடுத்தவர் அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் சிக்கல் வருமா?

உங்கள் கேள்வி இது: தனியார் ஆலையில் வேலை பார்த்தபோது காசநோய் வந்து பல மாதங்கள் மருத்துவ விடுப்பில் இருந்தீர்கள், இப்போது குணமாகிவிட்டது; டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதினால் அந்த விடுப்பு குறுக்கே நிற்குமா?

நிற்காது. தயங்காமல் விண்ணப்பியுங்கள். அதே நோய்க்காக நூற்பாலை வேலையில் நீண்ட விடுப்பில் இருந்துவிட்டு, பிறகு இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்தவன் நான். "உன் பெயர் ஆலைப் பதிவேட்டில் நோயாளி என்று ஏறிவிட்டது, அரசு வேலையெல்லாம் இனி நடக்காது" என்று எனக்கும் பலர் சொன்னார்கள். இந்தப் பயத்திலேயே தேர்வு எழுதாமல் வயது வரம்பைக் கடந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் கல்வித் தகுதி, வயது, வகுப்பு, குற்ற வழக்கு உண்டா, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். தனியார் நிறுவனத்தில் எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள் என்று கேட்பதில்லை. பணியில் சேரும்போது உங்கள் உடல் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதுதான் அரசுக்கு வேண்டும். அதற்காகத்தான் அரசு மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்கி வரச் சொல்கிறார்கள்.

நான் சான்றுக்குப் போனபோது மருத்துவர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பகுதியில் இருந்த பழைய தழும்பைக் காட்டி, "இது எப்போது வந்தது?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். சிகிச்சை அட்டையை நீட்டினேன். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று எழுதியிருந்த வரியை மட்டும் அவர் நிதானமாகப் படித்தார். எடை பார்த்தார், மார்பில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். விடுப்பைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஆகவே, சிகிச்சையை முழுமையாக முடித்ததற்கான அட்டையோ சான்றோ உங்களிடம் இல்லையென்றால், மருந்து வாங்கிய மையத்தில் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

மத்திய அரசு வேலைக்கும் முயல்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மருத்துவப் பரிசோதனையின்போது நிரப்பும் உறுதிமொழிப் படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய், நுரையீரல் நோய், ரத்தம் துப்புதல் எனப் பட்டியலிட்டு இவை எப்போதாவது வந்தனவா என்று கேட்பார்கள். படுக்கையில் கிடந்து சிகிச்சை பெறும் அளவுக்கு வேறு நோயோ விபத்தோ நேர்ந்ததா என்பதும் அதில் உண்டு. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: நோயின் பெயர், சிகிச்சை முடிந்த ஆண்டு, பூரண குணம். வேண்டுமென்றே மறைத்தால் நியமனத்தையே இழக்க நேரிடும் என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. குணமான நோயைவிட அதை மறைப்பதுதான் வேலைக்கு உலை வைக்கும்.

கேட்பவருக்கும் வரம்பு உண்டு. எல்ஐசி தன் படிவத்தில் பெண்களின் மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் துருவிக் கேட்டது. அதைச் சரியாக நிரப்பவில்லை என்று நீரா மாத்தூர் என்பவரைத் தகுதிகாண் பருவத்திலேயே, அதாவது பணி நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலத்திலேயே, நீக்கியது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொன்னதோடு, அந்தக் கேள்விகளையே நீக்கும்படி உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை நம்பி நுரையீரல் பற்றிய கேள்விக்குப் பொய்ப் பதில் எழுதிவிடாதீர்கள். அது நியாயமான கேள்விதான்.

காவல், தீயணைப்பு, ரயில் ஓட்டுநர் போன்ற பணிகளில் உடற்தகுதி அளவுகோல் கடுமையானது. அங்கேயும் இப்போது உங்கள் கண்பார்வையும் உடல் திறனும் எப்படி இருக்கின்றன என்று சோதிப்பார்கள்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்துகொண்டு வேறு பதவிக்கு விண்ணப்பிப்பவர்களின் நிலைமை வேறு. முறைப்படி அனுமதிக்கப்பட்ட மருத்துவ விடுப்பு ஒரு குற்றமல்ல. சான்று கொடுக்காமல், அனுமதி வாங்காமல் வராமல் இருந்துவிட்டால் அது 17(பி) குற்றச்சாட்டு வரை, அதாவது கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் துறை நடவடிக்கை வரை, போகலாம். அது நிலுவையில் இருந்தால், வேறு பதவிக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை என்று துறை தரும் தடையின்மைச் சான்றை வாங்குவது பெரும்பாடு. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சேர்ந்த பிறகு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் பெரும்பாலான நேரடி நியமனங்களுக்கு, தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியில் இருந்தால்தான் தகுதிகாண் பருவம் முடியும். விடுப்பு நாட்கள் அந்த 2 ஆண்டுகளில் சேராது. அந்தச் சமயத்தில் உடம்பு மீண்டும் படுத்தினால் மருத்துவச் சான்றோடு எழுத்தில் விண்ணப்பித்து விடுப்பு எடுங்கள். தகுதிகாண் பருவம் அத்தனை நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.